சாளரத்தைத் தேடிவந்த இசை: செரினேடின் பொருளும் பிறப்பும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் செரினேட். மேற்கத்திய இசையை ஓரளவு கேட்டவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். ஆனால் அது எதைக் குறிக்கிறது என்று கேட்டால் இரண்டு வேறு விடைகள் வரும். இரவில் காதலியின் சாளரத்தின் கீழே நின்று, கித்தாரோ மாண்டலினோ மீட்டிப் பாடும் பாட்டு என்பார் ஒருவர். மொசார்ட்டும் பிராம்ஸும் சைக்கோவ்ஸ்கியும் எழுதிய, பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்பு என்பார் மற்றொருவர். முன்னதில் ஒருவர் பாடுகிறார். பின்னதில் பலர் கூடி வாசிக்கிறார்கள், பாட்டே கிடையாது. இரண்டும் ஒரே பெயரால் வழங்கக் காரணம் என்ன?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செரினேடுக்கு இன்ன மெட்டு, இன்ன தாளம், இத்தனை பகுதி என்ற கட்டாயம் என்றுமே இருந்ததில்லை. அதை அடையாளம் காட்டுவது இசை நிகழும் சூழல். மற்ற இசைக்கெல்லாம் கேட்பவர் எழுந்து போகவேண்டும். செரினேடோ கேட்பவரைத் தேடி அவர் வாசலுக்கே வருகிறது. இன்னாருக்காக என்று பெயர் குறித்து வருகிறது. திறந்த வெளியில், பெரும்பாலும் பொழுது சாய்ந்தபின், தெருவே கேட்க ஒலிக்கிறது. சாளரத்தைத் திறப்பதா வேண்டாமா என்பது மட்டும் உள்ளே இருப்பவரின் விருப்பம். இந்த நான்கும் கூடிய இடத்தில் செரினேட் பிறக்கிறது. காதல் அதன் ஒரு கிளை; மரியாதை செய்தல் இன்னொரு கிளை. இரண்டு கிளைகளையும் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம்.

மூடிய கதவின் முன்

பழைய கிரேக்கத்தில் விருந்து முடிந்தபின் இளைஞர்கள் தலையில் மலர்மாலை சூடி, தீவட்டி பிடித்து, ஆலோஸ் என்னும் இரட்டைக்குழல் ஒலிக்கத் தெருவில் ஆடிப்பாடிப் போவார்கள். அந்தக் கூட்டம் ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நிற்கும். கதவு மூடியிருக்கும். வெளியே நிற்பவன் பாடுவான், இறைஞ்சுவான், கடைசியில் தன் மாலையைக் கழற்றிக் கதவில் தொங்கவிட்டுப் போவான். இந்தக் காட்சி தனியொரு கவிதை வகையாகவே வளர்ந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தியோக்ரிட்டஸின் மூன்றாவது ஆயர் பாடலில், ஆட்டிடையன் ஒருவன் அமரில்லிஸ் என்பவள் வாழும் குகையின் வாயிலில் நின்று பாடுகிறான். பாட்டு முடிகிறது, அவள் வெளியே வரவே இல்லை.

ரோமானியர்கள் இந்த மரபை எடுத்துக்கொண்டு தங்கள் பங்குக்கு வளர்த்தார்கள். பிளாட்டஸின் ‘குர்குலியோ’ நாடகத்தில் காதலன் கதவின் தாழ்ப்பாள்களை அழைத்தே பாடுகிறான். ஓவிட் வாயிற்காவலனிடம் கெஞ்சும் கவிதை ஒன்றை எழுதினார். புரொபெர்ட்டியஸ் இன்னும் ஒரு படி மேலே போய்க் கதவையே பேசவைத்தார்: இரவு முழுவதும் வாசற்படியில் கிடந்து புலம்புகிறவனின் பாட்டைக் கேட்டுக் கேட்டு அந்தக் கதவு மனம் வெதும்புகிறது.

இவற்றை நான் முதலில் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செரினேட் என்றதும் நம் மனத்தில் எழும் படம், சாளரம் திறந்து, பெண் எட்டிப் பார்த்து, பூவொன்று கீழே விழும் படம். இந்த வகையின் மிகப் பழைய சான்றுகளிலோ கதவு திறப்பதே அரிது. பாடுகிறவனுக்குக் கிடைக்கக்கூடிய மறுப்பு, தொடக்கம் முதலே இந்த வகைக்குள் இருந்திருக்கிறது. அந்த மறுப்புக்கு இடம் இருப்பதால்தான் பாட்டு வேண்டுகோளாக இருக்கிறது. அந்த இடத்தை எடுத்துவிட்டால் அது கட்டளையாகிவிடும்.

விடியலும் மாலையும்

இடைக்காலத்தில், தென் பிரான்சின் ஆக்சிதன் மொழியில் பாடிய துருபதூர் கவிஞர்கள் பொழுதுகளுக்கென்று பாடல் வகைகளை வைத்திருந்தார்கள். விடியற்காலைக்கு உரியது ஆல்பா. இரவைச் சேர்ந்து கழித்த காதலர்கள், காவலன் குரல் கேட்டுப் பிரியும் நேரத்தைப் பாடுவது அது. மாலைக்கு உரியது செரேனா; இது மிக அரிய வகை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, துருபதூர்களில் கடைசிப் பெருங்கவிஞர் என்று மதிக்கப்படும் கிரௌத் ரிக்கியேர் எழுதியது நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் காதலன் எவர் சாளரத்தின் கீழும் நிற்கவில்லை. பகல் கழிய மாட்டேன் என்கிறதே, மாலை எப்போது வரும் என்று ஏங்குகிறான். ஆகவே அதைச் செரினேட் என்று கொள்ள முடியாது. ஆனால் ஏக்கத்தையும் மாலைப்பொழுதையும் ஒன்றாக முடிந்து வைத்தது அந்தக் கவிதை மரபு.

செரினேட் என்ற பெயர் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. மேகமில்லாத தெளிந்த வானத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, மாலையைக் குறிக்கும் சொல்லின் சாயலையும் ஏற்றுக்கொண்டது. மழையற்ற நல்ல இரவில், வீட்டுக்கு வெளியே நிகழும் இசை என்ற பொருள் அதில் அடங்கிவிட்டது. 

தெருவில் அது எப்படி நடந்தது என்பதை ஜெர்மானிய இசையறிஞர் மைக்கேல் பிரிட்டோரியஸ் 1619இல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். மூன்று பேரோ அதற்கு மேலோ கூடி, மாலையில் தெருக்களில் உலாவச் செல்லும்போது பாடுவது. பல்கலைக்கழக மாணவர்கள் இளம்பெண்களுக்கு மரியாதையாக நிகழ்த்துவது. பாட்டின் இடையிடையே வாத்தியங்கள் தனித்து ஒலிப்பது என்பது அவர் தரும் செய்தி. இதில் மூன்று அம்சங்கள் கவனத்துக்குரியவை. நடந்து செல்கிறார்கள், குழுவாகச் செல்கிறார்கள், மாணவர்களாக இருக்கிறார்கள். பிற்காலத்தில் சால்ஸ்பர்கிலும், இன்று போர்ச்சுகலிலும் இந்த மூன்றையும் மறுபடி காணப்போகிறோம்.

1673இல் ஹைன்ரிச் பீபர் எழுதிய செரினேட் ஒன்று உண்டு. தந்தி வாத்தியங்கள் வாசித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு கனத்த ஆண்குரல் நுழைகிறது. அது இரவுக் காவலனின் குரல். ஊரார்க்கு மணி சொல்லி, இறைவனைப் போற்றிப் பாடிக்கொண்டே அவன் தெருவைக் கடந்து போகிறான். அந்த வேளையில் வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு, வயலினைக் கைக்கடியில் இடுக்கிக்கொண்டு லூட் வாத்தியத்தை மீட்டுவதுபோல் விரலால் மீட்டுகிறார்கள். தெருவில் வாசிப்பவர்களுக்குத் தெருவின் ஓசை இடையூறு; பீபர் அதையே இசையின் உறுப்பாக்கிவிட்டார்.

தீவட்டிகளின் நடுவே

இதே காலத்தில் இரண்டாவது கிளை அரண்மனைகளில் தழைத்தது. அரசர் பிறந்தநாள், இளவரசி திருமணம், இளவரசர் பிறப்பு ஆகிய நாட்களில் தோட்டத்திலோ முற்றத்திலோ, செயற்கை விளக்கொளியில், பாடகர்களும் பெரும் வாத்தியக் குழுவும் நிகழ்த்தும் நீண்ட இசைப்படைப்புக்குச் செரினாட்டா என்று பெயர். இளைஞர் ஹாண்டல் 1708இல் நேப்பிள்ஸில் ஒரு பிரபு குடும்பத் திருமணத்துக்காக ‘ஆச்சி, கலாத்தேயா, பொலிஃபேமோ’ என்ற செரினாட்டாவை எழுதினார். பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னரின் திருமணத்தைக் கொண்டாட 1725இல் வெனிஸில் இருந்த பிரெஞ்சுத் தூதர் விவால்டியின் செரினாட்டா ஒன்றை நடத்துவித்தார்.

மரியாதை செய்யும் இந்த மாலை இசையின் உச்சமாக நான் கருதுவது லைப்சிக் நகரில் 1734 அக்டோபர் 5ஆம் நாள் இரவு நடந்தது. சாக்சனி ஆட்சியாளரான மூன்றாம் அகஸ்டஸ், போலந்தின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்டுநிறைவு அது. அவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்றதும் யோகான் செபாஸ்டியன் பாக் மூன்றே நாட்களில் ஒரு படைப்பை உருவாக்கினார். இரவு 9 மணி அளவில், அரசர் தங்கியிருந்த மாளிகையின் முன், சந்தைச் சதுக்கத்தில் அது ஒலித்தது. 600 மாணவர்கள் மெழுகுத் தீவட்டி ஏந்தி நின்றார்கள் என்று ஊர் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அந்த இரவில் ட்ரம்பெட் வாசித்தவர் நகரின் மூத்த கலைஞர் காட்ஃப்ரீட் ரைஷே. மறுநாள் வீட்டுக்குப் போகும் வழியில் அவர் விழுந்து உயிர் நீத்தார். முந்தைய இரவின் கடும் உழைப்பும் தீவட்டிப் புகையும் காரணம் என்று அக்காலத்தவர் எழுதி வைத்தார்கள். வெட்டவெளியில் வாசிக்கப்படும் இசைக்கு மனிதர்கள் தந்த விலையை நாம் மறக்கக் கூடாது என்பதற்காகவே அவர் பெயரை இங்கே சொல்கிறேன்.

சால்ஸ்பர்கின் கோடை

இப்போது மொசார்ட்டுக்கு வருவோம். இன்றைய ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் அவர் காலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் கல்வியாண்டு முடியும். தத்துவத் துறையில் தர்க்கமும் இயற்பியலும் படித்த மாணவர்கள் பணம் திரட்டி, ஊர் இசையமைப்பாளர் ஒருவரிடம் ஒரு செரினேட் எழுதி வாங்குவார்கள். வாத்தியக்காரர்கள் முதலில் மிராபெல் அரண்மனைக்கு ஊர்வலமாகப் போய், அங்கே கோடைக்குத் தங்கியிருக்கும் பேராயர் முன் வாசிப்பார்கள். பிறகு ஆற்றைக் கடந்து பல்கலைக்கழகச் சதுக்கத்துக்கு வந்து, பேராசிரியர்களுக்காக மறுபடி வாசிப்பார்கள். படிப்பு முடித்தவர்கள் ஆசிரியர்களுக்குச் செலுத்தும் நன்றி அது. மொசார்ட்டின் தந்தை லியோபோல்டு இத்தகைய செரினேடுகளை முப்பதுக்கும் மேல் எழுதியவர். மகன் அந்தத் தெரு மரபுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தான்.

ஊர்வலத்துக்கு ஒரு அணிநடை இசை வேண்டும். வரும்போது ஒன்று, போகும்போது அதுவே மறுபடி. சால்ஸ்பர்க் செரினேடுகளுக்குத் துணையாக மார்ச் என்னும் நடை இசை தனியே எழுதப்பட்டது இதனால்தான். செல்லோவைத் தூக்கிக்கொண்டு நடந்தபடி வாசிக்க முடியாது. இந்த இசையில் கீழ்க்குரலைப் பெரும்பாலும் டபுள் பாஸே தாங்கியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு படைப்பின் வடிவத்தைக் கால்களும் தோள்களும் எந்த அளவுக்குத் தீர்மானித்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

1776 ஜூலை 21 மாலை. சால்ஸ்பர்கின் மறைந்த மேயர் ஹாஃப்னரின் மகள் எலிசபெத்துக்கு மறுநாள் திருமணம். குடும்பத்தின் கோடை இல்லத் தோட்டத்தில், 20 வயது மொசார்ட் எழுதிய ‘ஹாஃப்னர் செரினேட்’ ஒலித்தது. எட்டுப் பகுதிகள், ஏறக்குறைய ஒரு மணி நேர இசை. அதன் நடுவே வயலின் தனித்து ஒளிரும் மூன்று பகுதிகள் உண்டு. அவற்றை மட்டும் எடுத்து வைத்தால் ஒரு வயலின் கான்செர்ட்டோ ஆகிவிடும். திருமணத்துக்கு முந்தைய மாலை நேரத்தில், வருவோர் போவோர் பேச்சுக்கு நடுவே வாசிக்கத்தான் இத்தனை நுட்பமான இசையை அவர் எழுதினார். திறந்தவெளி இசை என்பதற்காகத் தரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1779 ஆகஸ்டில் எழுதிய மற்றொரு செரினேடில் அஞ்சல் வண்டிக்காரரின் ஊதுகுழல் ஒலிக்கிறது. ஊர் திரும்ப வண்டிக்குக் காத்திருக்கும் மாணவர்களின் நெஞ்சில் அந்த ஒலி என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வியன்னாவின் தெருக்கள்

வியன்னாவில் நிலைமை வேறு. அங்கே செரினேட் பேராயருக்கும் பேராசிரியருக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1794ஆம் ஆண்டுக்கான வியன்னா நாடகப் பஞ்சாங்கம் ஒன்று அதைச் சித்திரமாக வரைந்து காட்டுகிறது. கோடையில் வானம் தெளிந்திருந்தால் ஏறக்குறைய நாள்தோறும், எந்த நேரத்திலும் தெருவில் செரினேட் கேட்கலாம். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போல ஒற்றைக் கித்தாரோடு காதலைச் சொல்வது இங்கே வழக்கமில்லை. காற்று வாத்தியங்கள், சில வேளை முழு வாத்தியக் குழுவே வரும். எவ்வளவு நேரமானாலும் சாளரங்கள் திறந்துகொள்ளும். சில நிமிடங்களில் கூட்டம் சூழ்ந்துகொண்டு, கைதட்டி, மறுபடி வாசிக்கச் சொல்லும். பெயர்நாட்களுக்கு, அதாவது ஒருவர் பெயருக்குரிய புனிதரின் திருநாட்களுக்கு, முந்தைய இரவுகளில், அதிலும் புனித அன்னாள் திருநாளுக்கு முந்தைய இரவில், நகரமே இசையாகிவிடும். 

அந்தத் தெருக்கள் ஒரு பெருங்கலைஞரின் வாழ்வைத் திருப்பிவிட்டதும் உண்டு. குரல் உடைந்ததால் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட யோசப் ஹைடன், வறுமையில் இருந்த இளமைக் காலத்தில் நண்பர்களோடு தெருவில் செரினேட் வாசித்துவந்தார். ஒரு மாலை, புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் குர்ட்ஸின் மனைவிக்காக அவர் வீட்டின் கீழே வாசித்தார்கள். அந்த இசையின் புதுமையில் வியந்து குர்ட்ஸ் வெளியே வந்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் ஹைடன். குர்ட்ஸ் அவரை உள்ளே அழைத்துப் போய், தம் நகைச்சுவை நாடகத்துக்கு இசையமைக்கச் செய்தார். ‘கோணல் பிசாசு’ என்ற அந்த இசைநாடகத்தின் சுவடி இன்று இல்லை. ஹைடனின் இசைநாடக வாழ்க்கை ஒரு சாளரத்தின் கீழேதான் தொடங்கியது.

மொசார்ட்டுக்கும் அப்படி ஓர் இரவு உண்டு. என்னை மிகவும் நெகிழவைப்பது அது. 1781 அக்டோபரில், புனித தெரசா திருநாளுக்காக, அரசவை ஓவியர் ஒருவரின் குடும்பத்துப் பெண்மணிக்கு அவர் ஒரு செரினேட் எழுதினார். இரண்டு கிளாரினெட், இரண்டு ஹார்ன், இரண்டு பசூன் என ஆறே வாத்தியங்கள். வாசித்தவர்கள் ஏழைகள், ஆனால் ஒத்திசைந்து நன்றாக வாசித்தார்கள். அந்த ஓர் இரவில் மூன்று வீடுகளில் அதையே வாசித்தார்கள். ஓரிடத்தில் முடித்ததும் வேறிடத்தில் அழைத்துப் பணம் கொடுத்தார்கள். அந்த மாத இறுதியில், அக்டோபர் 31 அன்று மொசார்ட்டின் சொந்தப் பெயர்நாள். இரவு 11 மணி. படுக்கப்போக உடை மாற்ற இருந்த நேரம். அந்த ஆறு பேரும் வெளிக்கதவைத் திறக்கச்செய்து, முற்றத்தின் நடுவில் வந்து நின்று, அவருடைய செரினேடையே அவருக்கு வாசித்தார்கள். முதல் சுரக்கூட்டு ஒலித்ததும் அடைந்த மகிழ்ச்சியை மூன்று நாள் கழித்துத் தந்தைக்கு எழுதினார்.

இங்கே காதலி இல்லை, அரசர் இல்லை. கூலிக்கு வாசிக்கும் ஆறு பேர், தங்களுக்கு நல்ல இசை எழுதித் தந்தவருக்குக் கைம்மாறு செய்ய வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்க இருந்தது அந்த இசை ஒன்றுதான். ஒருவர் பெயர் குறித்து, அவர் வீட்டுக்குப் போய், அவருக்காக வாசிப்பது என்ற செயலின் முழுப்பொருளும் அந்த முற்றத்தில் நிறைவேறியது என்று நான் நம்புகிறேன்.

வேடமும் உண்மையும்

வாசலுக்கு வரும் பாட்டெல்லாம் நேர்மையானதா? இந்தக் கேள்வியை இசைநாடக மேடை விடாமல் கேட்டிருக்கிறது. 1787 அக்டோபர் 29 அன்று பிராகில் அரங்கேறிய மொசார்ட்டின் ‘தோன் ஜொவான்னி’யில், நாயகன் மாண்டலின் மீட்டிச் சாளரத்தின் கீழே பாடும் பாட்டு, உலகின் மிக அழகிய செரினேடுகளில் ஒன்று. ஆனால் அவன் அணிந்திருப்பது தன் வேலைக்காரனின் உடை. பாடுவது, தான் கைவிட்ட பெண்ணின் பணிப்பெண்ணுக்காக. மேலே இருப்பவள் ஒரு சொல்லும் பாடுவதில்லை. இசை எவ்வளவு அழகோ அவ்வளவுக்கு வஞ்சம் ஆழமாகிறது. இதே ஆண்டு ஆகஸ்டு 10 அன்றுதான் மொசார்ட் தம் ‘சிறிய இரவிசை’யை எழுதி முடித்தார். கபடமற்ற செரினேடும் கபடமுள்ள செரினேடும் ஒரே கோடையில், ஒரே மேசையில் உருவாயின.

1868இல் மியூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் ‘நியூரம்பர்க் இசை வல்லுநர்கள்’ நாடகத்தில், நகர எழுத்தர் பெக்மெசர் லூட் மீட்டிப் பாடுகிறார். இலக்கண வழுவுக்கு ஒரு அடி என்று, செருப்புத் தைக்கும் ஹான்ஸ் சாக்ஸ் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கிறார். சாளரத்தில் நிற்பதோ பெக்மெசர் நினைத்த பெண்ணின் உடையணிந்த செவிலி. அந்தச் செவிலியின் காதலன் ஓடிவந்து பெக்மெசரை அடிக்க, அக்கம்பக்கத்தார் விழித்து வெளியே வர, தெரு முழுவதும் கைகலப்பு. கடைசியில் இரவுக் காவலன் வந்து மணி சொல்கிறான்; பீபரின் தெருவில் நடந்த அதே காவலன். ஒருவருக்கென்று பாடினாலும் தெருவே கேட்கும் என்பதும், கேட்ட தெரு தீர்ப்புச் சொல்லும் என்பதும் இந்தக் காட்சியின் உள்ளீடு.

மறுப்புச் சொல்லும் பெண்ணின் குரலை முழுமையாகக் கேட்க பிராம்ஸின் ‘வீணான செரினேட்’ பாட்டுக்கு வரவேண்டும். நாட்டுப்புறப் பாடல் ஒன்றை வைத்து அவர் அமைத்து 1882இல் வெளியிட்டது. வெளியே நிற்பவன் குளிர் என்கிறான், உருகுகிறான். உள்ளே இருப்பவள் வீட்டுக்குப் போய்ப் படு என்று சொல்லிவிடுகிறாள். கிரேக்கக் குகையில் பேசாமல் இருந்த அமரில்லிஸ் இரண்டாயிரம் ஆண்டு கழித்து வாய் திறந்ததாகவே இதை நான் கேட்கிறேன்.

அரங்கத்துக்குள் நுழைந்தபோது

செரினேட் தெருவிலிருந்து அரங்கத்துக்குள் போன தருணத்தை ஒரே படைப்பில் காட்டலாம். 1782 கோடையில், மேயர் ஹாஃப்னரின் மகன் பிரபுப் பட்டம் பெற்றதைக் கொண்டாட, வியன்னாவிலிருந்து மொசார்ட் ஒரு செரினேட் எழுதி அனுப்பினார். சில மாதங்களில் வியன்னாவில் கச்சேரி நடத்தப் புதிய படைப்பு தேவைப்பட்டது. தந்தையிடமிருந்து அதைத் திருப்பிப் பெற்றார். ஊர்வலத்துக்கான மார்ச்சை நீக்கினார். மினுவெட் என்னும் நடனப் பகுதி ஒன்றைக் கழித்தார். முதல் பகுதிக்கும் இறுதிப் பகுதிக்கும் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் சேர்த்தார். 1783 மார்ச் 23 அன்று அது சிம்பொனியாக ஒலித்தது. நாம் இன்று கேட்கும் ‘ஹாஃப்னர் சிம்பொனி’ அதுதான். நடந்து வருவோரும் நடந்து போவோரும் இல்லாதபோது மார்ச்சுக்கு வேலையில்லை. அன்று முதல் கேட்பவர் நடக்கத் தொடங்கினார்.

ஷூபர்ட்டின் வாழ்வில் இரண்டு உலகமும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1827இல், இசை மாணவி ஒருவரின் பிறந்தநாளுக்காகக் கிரில்பார்ட்சரின் கவிதைக்கு இசையமைத்தார்; வியன்னாவை ஒட்டிய தோப்லிங்கில் தோட்டத்துக்குள் ஓசையில்லாமல் பியானோவைக் கொண்டுவந்து வைத்து, பெண்கள் குழு அந்த மாணவியின் சாளரத்தின் கீழே பாடியது. மறுஆண்டு ரெல்ஷ்டாபின் கவிதைக்கு அவர் அமைத்த செரினேட், அவர் இறந்தபின் 1829இல் ‘அன்னப்பாட்டு’ தொகுப்பில் வந்தது. அதில் பியானோவின் துண்டுதுண்டான சுரங்கள் கித்தாரின் மீட்டலை நினைவூட்டுகின்றன. பாடுபவரும் வாசிப்பவரும் கேட்பவரும் இப்போது ஒரே அறைக்குள். இல்லாத தெருவையும் இல்லாத சாளரத்தையும் இசையே உண்டாக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் வந்த மேதைகள் செரினேடை நினைவாக ஏந்தினார்கள். சிம்பொனியை நெருங்கத் தயங்கிய இளம் பிராம்ஸ் 1850களின் இறுதியில் இரண்டு செரினேடுகளில் தம் கையைப் பழக்கினார். துவோர்ஷாக் 1878இல் காற்று வாத்தியங்களுக்கு எழுதிய செரினேட் மார்ச்சோடு தொடங்குகிறது. இறுதிப் பகுதியில் அந்த மார்ச் திரும்ப வருகிறது. சால்ஸ்பர்க் ஊர்வலத்தின் காலடி அதில் கேட்கிறது. சைக்கோவ்ஸ்கி 1880இல் தந்தி வாத்தியங்களுக்கு எழுதியதன் முதல் பகுதி மொசார்ட்டுக்கு அவர் செய்த வணக்கம். 1943இல் லண்டனில் அரங்கேறிய பெஞ்சமின் பிரிட்டனின் செரினேட், தனி ஹார்ன் ஒலியோடு தொடங்குகிறது. முடிவில் அதே ஹார்ன் மேடைக்கு அப்பால், தொலைவிலிருந்து கேட்கிறது. போர்க்கால இருட்டடிப்பில் கிடந்த ஒரு நகரத்துக்கு இரவைப் பற்றிய அந்த இசை தேவைப்பட்டது.

இன்னும் தெருவில்

தெரு செரினேடை முற்றிலும் இழந்துவிடவில்லை. போர்ச்சுகலின் கொயிம்ப்ராவில் ஆண்டுதோறும் மே மாதம், மாணவர் விழாவின் தொடக்கமாக, 12ஆம் நூற்றாண்டுப் பழைய பேராலயத்தின் படிகளில் நள்ளிரவில் கறுப்பு மேலங்கி அணிந்த மாணவர்கள் பாடுகிறார்கள். சதுக்கம் நிறைந்த கூட்டம் மூச்சடக்கிக் கேட்கிறது. அந்நகரின் ஃபாதோ பாடல் மரபில் கைதட்டுவதற்குப் பதில் தொண்டையைச் செருமிப் பாராட்டுவது வழக்கம்.

ஸ்பானியரோடும் போர்ச்சுகீசியரோடும் கடல் கடந்த இந்த மரபு, போன இடங்களில் அந்தந்த மண்ணின் குணத்தைப் பெற்றது. மெக்சிகோ நகரின் கரிபால்தி சதுக்கத்தில் மரியாச்சி இசைக் குழுவினர் உடையணிந்து, அழைப்புக்குக் காத்து நிற்கிறார்கள். அங்கே அன்னையர் நாளான மே 10 அன்று விடியுமுன் அன்னையின் சாளரத்தின் கீழே பாடவைப்பது பிள்ளைகளின் கடமையாகவே ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸின் பழைய ஹரானா மரபில் இளைஞன் நண்பர்களோடு வந்து வெளியே பாடுவான். வீட்டார் உள்ளே அழைத்தால், அந்தப் பெண்ணையும் பாடச் சொல்லி வேண்டுவான். அவளும் பாடுவாள். பாட்டு அங்கே இருவர் உரையாடலாக இருந்தது.

பிரேசிலின் கொன்செர்வத்தோரியா என்ற சிற்றூரில் வீடுதோறும் சுவரில் ஒரு பாட்டின் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. பாடகர்கள் அந்தத் தெருக்களில் நடந்தே பாடுகிறார்கள். பிரேசிலியா நகரை எழுப்பிய குடியரசுத் தலைவர் குபிச்செக் பிறந்த தியமந்தினாவில் எல்லாம் தலைகீழ்: வாத்தியக்காரர்கள் பழைய மாளிகைகளின் மேல்மாடங்களில் நின்று வாசிக்க, கேட்பவர்கள் கீழே தெருவில் நிற்கிறார்கள், நடத்துநர் அவர்கள் நடுவே நின்று கைகாட்டுகிறார். தலைமுறை தலைமுறையாகச் சாளரத்தை நோக்கிப் போன இசையைச் சாளரம் திருப்பித் தருகிறது.

நமக்கு அது சொல்வது

அன்பர்களே, கச்சேரி அரங்கம் இசைக்குச் செய்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அமைதியையும் கவனத்தையும் அது தந்தது. நுட்பமான சுரம் ஒன்றுகூட வீணாகாமல் காதில் விழ வழிசெய்தது. ஆனால் அரங்கம் வரவழைக்கும் இடம். வரக்கூடியவர்களுக்கே அது திறந்திருக்கிறது. நடக்க முடியாத முதியவர், மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர், நுழைவுச்சீட்டு வாங்க இயலாதவர், தனக்கென்று யாரும் பாடுவார்கள் என்று நினைத்தும் பாராதவர் ஆகியோர் அந்த அரங்கத்தின் கணக்கில் இல்லை.

செரினேட் அவர்களைக் கணக்கில் சேர்க்கிறது. கலைஞர்களுக்கு அது மூன்று கடமைகளைச் சொல்லித் தருகிறது. முதலாவது, கேட்பவர் இருக்கும் இடத்துக்கு எழுந்து போ. இரண்டாவது, ஒருவரை மனத்தில் வைத்து வாசி. ஆனால் தெரு கேட்கிறது என்பதை நினைவில் வைத்து, மொசார்ட் ஹாஃப்னர் தோட்டத்துக்கு எழுதியதுபோல் உன் மிகச் சிறந்ததைக் கொண்டுபோ. மூன்றாவது, சாளரம் திறக்காவிட்டால் அதை மதித்துத் திரும்பு. இந்த மூன்றாவது இல்லாவிட்டால் முதலிரண்டும் தொல்லையாகிவிடும்.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் கலைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். மேடைக்கு உங்களைத் தயார்செய்யும் ஆண்டுகளில், மேடைக்கு வர முடியாத ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். பக்கத்துத் தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் ரசிகராக இருக்கலாம். அவருக்கு எந்த நேரம் உகந்தது என்று கேட்டுக்கொண்டு, அவர் வாசலுக்குப் போய், அவருக்காக மட்டும் வாசியுங்கள். வியன்னாவின் ஏழை வாத்தியக்காரர் ஆறு பேரால் அது முடிந்தது, உங்களாலும் முடியும். உங்கள் கலை யாருக்காக என்ற கேள்விக்கு எந்தப் பாடத்திட்டமும் தராத விடை அங்கே உங்களுக்குக் கிடைக்கும்.